120 நாடகங்களில் 7 மட்டும் மிஞ்சியது ஏன்? பண்டைக் கிரேக்க நூல்கள் தொலைந்த கதையும் தப்பிய கதையும்

வெண்பலகை கேட்டது:

பண்டை ஏதென்ஸ் நாடகாசிரியர் சோபோக்ளீஸ் 120 நாடகங்களுக்கு மேல் எழுதினார் என்கிறார்கள். முழுசாகக் கையில் இருப்பது 7. ஈஸ்கிலஸ் 70-க்கு மேல் எழுதியவர், அவருக்கும் 7 தான். யூரிபிடீஸ் 90 சொச்சம் எழுதினார், அவருக்கு மட்டும் 18 கிடைத்திருக்கிறது (அவருடையதா என்று சர்ச்சை உள்ள ஒன்றையும் சேர்த்தால் 19). பெண் கவிஞர் சாஃபோவின் பாடல்களை அலெக்சாண்டிரியாவில் எட்டோ ஒன்பதோ சுருள்களாகத் தொகுத்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஐயமில்லாமல் முழுமையாக நிற்பது ஒரே ஒரு பாட்டு.

அலெக்சாண்டிரியா நூலகம் எரிந்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது சரியா? யூரிபிடீஸுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது எப்படி? தொலைந்துபோன நாடகத்திலிருந்து "இந்த வரி" என்று மேற்கோள் காட்டுகிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இனிமேலும் ஏதாவது கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படியெடுப்பான் எழுதியது:

தீயை முதலில் ஒதுக்கி வைப்போம். கி.மு. 48-ல் சீசர் அலெக்சாண்டிரியாவில் முற்றுகையில் இருந்தபோது நூல்கள் எரிந்தன. கி.பி. 391-ல் நூலகத்தின் கிளை இருந்த செராப்பியம் கோயிலை இடித்தார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் சோபோக்ளீஸ் அந்த ஒரு கட்டடத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றி எத்தனையோ ஊர்களில், பள்ளிகளில், தனியார் வீடுகளில் அவர் சுருள்கள் இருந்தன. கி.பி. 2, 3 ஆம் நூற்றாண்டுகளிலும் எகிப்தின் உள்ளூர் நகரங்களில் அவரைப் படித்தார்கள் என்பதற்குக் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளே சாட்சி. தீ ஒரு நூலை அழிக்க வேண்டுமென்றால் அந்த நூலின் கடைசிப் பிரதி அந்தத் தீயில் இருந்திருக்க வேண்டும். கி.பி. 192-ல் ரோமில் பிடித்த தீயில் மருத்துவர் கேலனுக்கு அதுதான் நேர்ந்தது. கிடங்கில் வைத்திருந்த அவருடைய சொந்த நூல்கள் பல மாற்றுப் பிரதி இல்லாமல் போயின. அந்த இழப்பைப் பற்றி அவர் எழுதிய கடிதமே தொலைந்துபோய், 2005-ல் தெசலோனிக்கியில் விளாட்டாடோன் மடத்து ஏடு ஒன்றில் அகப்பட்டது.

நூல்களைக் கொன்றது பெரும்பாலும் தீ இல்லை. யாரும் படியெடுக்காததுதான். பாப்பிரஸ் சுருள் கையாளக் கையாள ஓரம் கிழியும், ஈரம் ஏறும், பூச்சி அரிக்கும். பழையது சாகுமுன் புதுப்பிரதி எழுதியாக வேண்டும். எழுதக் கூலி உண்டு, எழுதும் பொருளுக்கும் விலை உண்டு. ஆக, ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் "இது வேண்டும்" என்று காசு எடுத்து வைத்தால்தான் நூல் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

அந்தச் சங்கிலி மூன்று இடங்களில் மிக இறுக்கமான சல்லடை வழியாகப் போனது.

முதல் சல்லடை சுருளிலிருந்து கோடெக்ஸுக்கு, அதாவது தாள்களை மடித்துத் தைத்த புத்தக வடிவத்துக்கு, மாறிய காலம். கி.பி. 2 முதல் 4 ஆம் நூற்றாண்டு வரை. யாரும் கோடெக்ஸில் எழுதி வைக்காத நூல் சுருளோடு சுருளாக மடிந்தது. இந்த மாற்றம் இன்னொரு வேலையும் செய்தது. ஒரு சுருளில் ஒரு நாடகம் அல்லது வரலாற்று நூலின் ஒரு பகுதிதான் அடங்கும். கோடெக்ஸிலோ ஐந்தாறு பகுதிகளை ஒரே கட்டாகக் கட்டலாம். அப்புறம் தொலைந்தாலும் கட்டுக்கட்டாகத்தான் தொலையும், மிஞ்சினாலும் கட்டுக்கட்டாகத்தான் மிஞ்சும். வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிய 40 பகுதிகளில் முழுமையாக இருப்பவை 1–5, 11–20. இன்னொரு வரலாற்றாசிரியர் பொலிபியஸின் 40-ல் முழுமையானவை 1–5. ஐந்தைந்தாக நிற்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது சல்லடை பள்ளிக்கூடம். இதை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். ஆசிரியர்கள் ஒவ்வொரு கவிஞரிலும் சில நாடகங்களைப் பாடமாக வைத்தார்கள், அவற்றுக்கே உரைக் குறிப்புகள் எழுதினார்கள். உரை உள்ள நாடகத்தை மேலும் படித்தார்கள், உரை இல்லாததை விட்டார்கள். ஈஸ்கிலஸின் 7, சோபோக்ளீஸின் 7 அப்படி வந்தவை. பைசாந்தியக் காலத்தில் (கான்ஸ்டான்டிநோபிளை மையமாகக் கொண்ட இடைக்காலக் கிரேக்கப் பேரரசில்) அதுவும் சுருங்கி ஆளுக்கு மூன்றானது: சோபோக்ளீஸில் அஜாக்ஸ், எலெக்ட்ரா, ஈடிபஸ் மன்னன். இந்த மூன்றுக்கும் கையெழுத்துப் பிரதிகள் ஏராளம், மற்ற நான்குக்குச் சில மட்டுமே.

மூன்றாவது 9 ஆம் நூற்றாண்டு. அதுவரை எல்லாமே பேரெழுத்து. இடைவெளி விடாமல் தொடர்ச்சியாக எழுதுவார்கள், இடத்தைத் தின்னும். கூட்டெழுத்துப் போல ஓடும் சிற்றெழுத்து வந்ததும் பழைய ஏடுகளை அதற்கு மாற்றி எழுதினார்கள். தேதியிட்ட மிகப் பழைய சிற்றெழுத்து ஏடு 835-ல் எழுதிய ஒரு நற்செய்தி நூல். மாற்றி எழுதியதும் மூல ஏட்டைப் பேணவில்லை. மாற்றப்படாததை யாரும் வாசிக்கவும் இல்லை. இந்த இடத்தில்தான் எழுத்துக் குழப்பங்கள் நுழைந்தன. பேரெழுத்தில் ஆல்ஃபா, டெல்டா, லாம்டா மூன்றும் ஒரே முக்கோணச் சாயல். சிக்மாவைப் பிறை வடிவில் எழுதுவார்கள் என்பதால் எப்சிலான், தீட்டா, ஓமிக்ரான், சிக்மா நான்கும் வட்டங்கள், நடுக்கோடு தேய்ந்தால் ஒன்று இன்னொன்றாகிவிடும். காதும் ஏமாற்றும். "ஹேமெயிஸ்" என்றால் நாம், "ஹ்யூமெயிஸ்" என்றால் நீங்கள். பிற்காலப் பைசாந்திய உச்சரிப்பில் இரண்டுமே "இமிஸ்". பல நூல்களில் பிரதிக்குப் பிரதி இந்தச் சொல் மாறிக் கிடப்பது அதனால்தான்.

செலவு எவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அரித்தாஸ் (பின்னாளில் சிசேரியாவின் பேராயர்) 895-ல் எழுதுவித்த பிளேட்டோ ஏடு இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. எழுத்துக்கூலி 13 பொன் நாணயம், தோலுக்கு 8, ஆக 21. அந்தக் காலத்தில் ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்தில் 72 நாணயம் அடிப்பார்கள். ஆக, பிளேட்டோவின் ஒரு தொகுதிக்குக் கால் பவுண்டுக்கு மேல் தங்கம். இந்த விலையில் எதைப் படியெடுப்பது என்று யோசித்துத்தானே செய்வார்கள்.

சாஃபோவைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சபை எரித்தது என்ற கதை மிகப் பிற்காலத்தது. 6–7 ஆம் நூற்றாண்டில்கூட அவருடைய பாடல்களைத் தோல் ஏட்டில் எழுதியிருக்கிறார்கள், அதன் தாள்கள் பெர்லினில் இருக்கின்றன. அவர் பாடியது லெஸ்போஸ் தீவின் வட்டார வழக்கு. பள்ளிகள் கற்பித்தது ஏதென்ஸ் நகரத்து மொழி. மாணவனுக்குப் புரியாததை ஆசிரியர் பாடத்தில் வைக்கவில்லை. அந்தச் சிற்றெழுத்துச் சல்லடையை அவர் தாண்டவே இல்லை.

ஓரக்குறிப்பு எழுதியது:

மேலே சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. எல்லாமே யாரோ விரும்பியதால் தப்பியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யூரிபிடீஸே அதற்கு எதிர்ச்சாட்சி.

அவருடைய 19-ல் பத்து, பள்ளித் தெரிவு. மீதி ஒன்பதின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஹெலன், எலெக்ட்ரா, ஹெராக்ளிஸின் மக்கள், ஹெராக்ளிஸ், இறைஞ்சும் பெண்கள், இரண்டு இஃபிஜினியா நாடகங்கள், அயோன், சைக்ளோப்ஸ். கிரேக்கத்தில் இவை எப்சிலான், ஈட்டா, அயோட்டா, கப்பா என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன. அதாவது, அகர வரிசையில் அடுக்கிய முழுத் தொகுப்பு ஒன்றின் நடுப்பகுதி எங்கேயோ பிழைத்திருக்கிறது. அந்தப் பகுதியைப் படியெடுத்த ஏடு 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, டெமெட்ரியஸ் டிரிக்ளினியஸ் என்ற அறிஞர் திருத்திய கை அதில் தெரிகிறது. இப்போது ஃபுளோரன்ஸில் லாரென்சிய நூலகத்தில் 32.2 என்ற எண். அந்த ஒன்றை எலி கடித்திருந்தால் ஒன்பது நாடகங்களும் இல்லை. முழுமையாக மிஞ்சிய ஒரே சாட்டிர் நாடகமான (பாதி மனிதன் பாதி மிருகமான சாட்டிர்கள் பாடகர் குழுவாக வரும் கேலி நாடகம்) சைக்ளோப்ஸும் இல்லை. இன்னொரு நன்மை: இந்த ஒன்பதும் ஆசிரியர் யாரும் பொறுக்கி எடுத்தவை அல்ல என்பதால், யூரிபிடீஸின் சராசரி நாடகம் எப்படி இருந்தது என்று காட்டுபவை இவைதான்.

இந்த ஒன்பதும் இன்னொரு கையெழுத்துப் பிரதியிலும் உண்டு. அது தனிச் சாட்சியா, இதைப் பார்த்து எழுதியதா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. 1965-ல் குந்தர் சுன்ட்ஸ் என்ற அறிஞர் அதை முடித்துவைத்தார். இரண்டாம் பிரதியில் ஹெலன் நாடகத்து வரி ஒன்றின் நடுவே பொருந்தாத நிறுத்தக்குறி ஒன்று இருந்தது. ஃபுளோரன்ஸ் ஏட்டில் அதே இடத்தைப் பார்த்தால் அங்கேயும் குறி போல ஒன்று. தொட்டதும் உதிர்ந்து வந்தது. காகிதக் கூழில் சிக்கிய வைக்கோல் துணுக்கு. படியெடுத்தவர் அதையும் புள்ளி என்று நம்பி எழுதியிருக்கிறார். ஆகவே இந்த நாடகங்களுக்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான்.

ஈஸ்கிலஸ் பக்கம் நடந்தது இதைவிடக் கொடுமை. 10 ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்று, அதே நூலகத்தில் 32.9. அவுரிஸ்பா என்பவர் கிழக்கிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்த ஏடுகளில் சேர்ந்தது. அதில் நடுவே தாள்கள் உதிர்ந்துவிட்டன. அகமெம்னானில் 1–310, 1067–1159 வரிகள் மட்டும் மிஞ்சின. அடுத்த நாடகமான "நீர்க்கடன் செய்வோர்" நாடகத்தின் தொடக்கமும் அதே உதிர்வில் போனது. விளைவு என்ன தெரியுமா? 1518-ல் வெனிஸில் அச்சான முதல் பதிப்பில் இரண்டு நாடகங்களும் ஒட்டி ஒரே நாடகமாக வந்தன. அகமெம்னானை வேறு பிரதிகளிலிருந்து முழுமையாக்கி 1557-ல் வெட்டோரி என்ற இத்தாலிய அறிஞர் வெளியிட்டார். "நீர்க்கடன்" நாடகத்துக்கு வேறு பிரதி இல்லை. அதன் தொடக்க வரிகளில் சில இன்று நமக்குத் தெரிகிறதென்றால், கி.மு. 405-ல் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபேனிஸ் தன் "தவளைகள்" நாடகத்தில் யூரிபிடீஸ் பாத்திரத்தை மேடையேற்றி அந்த வரிகளைச் சொல் சொல்லாகக் குறைசொல்ல வைத்ததால்தான்.

சுருள்விரி எழுதியது:

மேற்கோள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மேற்கோளை நம்பலாம், ஆனால் யார் எதற்காக எடுத்துக்காட்டினார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதினேயஸ் என்பவர் விருந்து, மீன், மது பற்றி எழுதினார். தொலைந்த நகைச்சுவை நாடகங்களின் துண்டுகளில் பெரும்பங்கு அவர் வழியாக வருகிறது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏதென்ஸ் நாடகக்காரர்கள் மீன்கடையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என்றே தோன்றும். ஸ்டோபயஸ் நீதிமொழிகளைத் தொகுத்தவர். அவர் கையில் பட்ட நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டர் வெறும் அறிவுரை சொல்பவராகத் தெரிந்தார். 1905-ல் எகிப்தில் அவருடைய நாடகங்கள் அடங்கிய ஒரு பாப்பிரஸ் கோடெக்ஸ் கிடைத்து, பிறகு "சிடுமூஞ்சி" நாடகம் ஏறக்குறைய முழுமையாக 1958-ல் வெளியான பின்தான், அந்த அறிவுரைகளில் சிலவற்றை எப்படிப்பட்ட பாத்திரங்கள் எந்தச் சூழலில் பேசின என்பது புரிந்தது. அகராதிக்காரர்கள் அரிய சொல்லுக்காக மட்டும் மேற்கோள் எடுத்தார்கள். ஒரு நாடகத்தின் எச்சம் அகராதி வழியாக மட்டும் வந்தால் அது விநோதச் சொற்களின் குவியலாக நிற்கும்.

நடைமுறைச் சிக்கல்கள் இவை. பழைய ஏடுகளில் மேற்கோள் குறி கிடையாது. செய்யுள் என்றால் சந்தம் காட்டிக்கொடுக்கும். உரைநடை என்றால் ஆசிரியர் சொல் எங்கே முடிந்து எடுத்தாண்டவர் சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நினைவிலிருந்து எழுதியதால் சொல் மாறியிருக்கும். மூல நூலைப் பார்க்காமல் வேறொரு தொகுப்பிலிருந்து எடுத்திருக்கவும் கூடும், அப்போது அங்கிருந்த பிழையும் கூடவே வரும். வரலாற்று நூல்களில் இது உச்சம். யாக்கோபி என்ற ஜெர்மன் அறிஞர் 800-க்கும் மேற்பட்ட தொலைந்த வரலாற்றாசிரியர்களுக்கு எண் கொடுத்துத் துண்டுகளைத் தொகுத்தார். அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை அடுத்தவர் சொன்ன சுருக்கம்தான், அவர்களுடைய வாக்கியம் இல்லை.

எவையெல்லாம் தொலைந்தன என்று தெரிவதற்கு கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபைத் தலைவர் ஃபோட்டியஸ் முக்கியமானவர். 9 ஆம் நூற்றாண்டில், தான் படித்தவற்றை 280 பகுதிகளாகக் குறித்து வைத்தார். அவற்றில் ஏறக்குறைய பாதி இன்று இல்லை. ஆனால் அவர் குறித்தது உரைநடை. நாடகமும் இசைப்பாடலும் அதில் வராது.

கிரேக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கணித அறிஞர் அப்போலோனியஸின் "கூம்பு வெட்டுகள்" எட்டுப் பகுதிகளில் 1–4 கிரேக்கத்தில் இருக்கிறது, 5–7 அரபு மொழிபெயர்ப்பில் மட்டும், 8 எங்கும் இல்லை. இன்னொரு கணித அறிஞர் டியோஃபாண்டஸின் 13 பகுதிகளில் 6 கிரேக்கத்தில், வேறு 4 அரபில். கணிதமும் மருத்துவமும் பாக்தாத் வழியாகப் பிழைத்தன. நாடகத்தை அங்கே யாரும் மொழிபெயர்க்கவில்லை, அதனால் அந்தக் கதவு கவிஞர்களுக்குத் திறக்கவில்லை.

படியெடுப்பான் எழுதியது:

இனிமேல் கிடைக்குமா என்பதற்கு: கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. இடம் மூன்று.

ஒன்று, எகிப்தின் வறண்ட மணல். அலெக்சாண்டிரியாவும் நைல் ஆற்று டெல்டாவும் ஈரம், அங்கே கருகியவை தவிர அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. அவ்வளவு பெரிய நூலகம் இருந்த ஊரிலிருந்து நமக்கு வந்தது ஒன்றுமில்லை, தெற்கே ஆக்சிரிங்கஸ் ஊரின் குப்பைமேட்டிலிருந்து சுமார் 5 லட்சம் துண்டுகள். கிரென்ஃபெல், ஹன்ட் இருவரும் 1896 முதல் 1907 வரை தோண்டியவை. மேட்டின் அடியடுக்குகளில் நிலத்தடி ஈரம் ஏறி எழுத்தை அழித்துவிட்டது, மேலடுக்குகள்தான் பிழைத்தன. சோபோக்ளீஸின் "தடம் தேடுவோர்" சாட்டிர் நாடகத்தில் சுமார் 400 வரிகள் அங்கிருந்து 1912-ல் வந்தன. அரிஸ்டாட்டிலின் "ஏதெனியர் அரசியலமைப்பு" வேறு இடத்துப் பாப்பிரஸில், கி.பி. 78–79 பண்ணைக் கணக்கின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது, 1891-ல் வெளியானது. 2022-ல் ஃபயூமில் ஃபிலடெல்ஃபியா என்ற பழைய ஊரின் இடுகாட்டில் கிடைத்த பாப்பிரஸில் யூரிபிடீஸின் ஐனோ, பாலியிடஸ் நாடகங்களிலிருந்து 98 வரிகள், பெரும்பகுதி புதியவை.

இரண்டு, சுரண்டி மறுபடி எழுதிய தோல் ஏடுகள். ஆர்க்கிமிடீஸ் ஏடு 10 ஆம் நூற்றாண்டில் எழுதியது. 1229-ல் எழுத்தைச் சுரண்டி, இரட்டைத் தாள்களை மடிப்பில் வெட்டி, 90 பாகை திருப்பி, மறுபடி மடித்துப் பிரார்த்தனை நூல் எழுதினார்கள். அதனால் பழைய வரிகள் புதிய வரிகளுக்குக் குறுக்கே ஓடும், பழைய பக்கத்தின் நடு வரிகள் தையலுக்குள் மறைந்து கிடக்கும். 1906-ல் ஹைபர்க் என்ற டேனிஷ் அறிஞர் உருப்பெருக்கியால் கண்டதை எழுதினார், தையலுக்குள் இருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. 1999-க்குப் பின் கட்டைப் பிரித்தார்கள். முதுகில் செயற்கைப் பசை பூசியிருந்ததால் பிரிப்பதற்கே ஆண்டுகள் ஆயின. பிறகு ஒவ்வொரு தாளையும் பல அலைநீளங்களில் படமெடுத்தார்கள். புற ஊதாவில் தோல் ஒளிரும், இரண்டு மையும் கருப்பாகத் தெரியும். சிவப்பு ஒளியில் பழைய மை அநேகமாக மறையும், புதியது மட்டும் நிற்கும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் கீழெழுத்து மட்டும் சிவப்பாக எழும். மேலே போலி ஓவியம் தீட்டியிருந்த பக்கங்களில் எக்ஸ் கதிரால் மையின் இரும்பைத் தேடிப் படித்தார்கள். ஆர்க்கிமிடீஸோடு ஏதென்ஸ் பேச்சாளர் ஹைப்பரெய்டிஸின் சொற்பொழிவுகளும் அதே கட்டில் கிடைத்தன. 19 ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட ஏடுகளின் மேல் ரசாயனம் தடவினார்கள். எழுத்து அப்போதைக்குத் தெளிந்து, பின்னர் தாளே கறுத்துப்போனது. அவற்றில் சிலவற்றை இன்றைய கருவியாலும் மீட்க முடியவில்லை.

மூன்று, இத்தாலியின் ஹெர்குலேனியம். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை கருக்கிய சுருள்கள், 1750-களில் தோண்டி எடுத்தவை. கையால் விரித்தால் நொறுங்கும். இப்போது விரிக்காமலே முப்பரிமாண எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, கணினியில் அடுக்கு அடுக்காகப் பிரித்து, தட்டையாக்கிப் படிக்கிறார்கள். இடைஞ்சல் இரண்டு. மை கரி, பாப்பிரஸும் கரி, அதனால் அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. மை உலர்ந்த இடத்தில் மேற்பரப்பு நுண்ணியதாக வெடித்திருப்பதை வைத்துத்தான் கணினிக்கு எழுத்தைப் பழக்கினார்கள். அடுத்தது, அடுக்கைத் தொடர்ந்து போகும்போது நிரல் தெரியாமல் பக்கத்து அடுக்குக்குத் தாவிவிடும். தாவிய இடத்தில் எழுத்து பாதியில் அறுந்து, இரண்டு பத்திகள் கலந்துவிடும். இப்படிப் படிப்பதற்காக நடந்த போட்டியில் 2024 பிப்ரவரியில் பரிசு பெற்ற வாசிப்பு 2000 எழுத்துகளுக்கு மேல், ஒரு சுருளில் சுமார் 5 விழுக்காடு. இதுவரை படித்தவை பெரும்பாலும் ஃபிலடீமஸ் எழுதிய எபிக்கூரியத் தத்துவம். அங்கே சோபோக்ளீஸ் வருவார் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

வெண்பலகை:

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும். உள்ளங்கை அளவுகூட இல்லாத துண்டைப் பார்த்து இது இன்ன நூல் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஓரக்குறிப்பு எழுதியது:

முதலில் நார் ஓடும் திசை. எழுத்து நாரோடு போனால் பெரும்பாலும் சுருளின் உட்பக்கம், முதல் உபயோகம். குறுக்கே போனால் பின்பக்கம், முன்பக்கத்தில் கணக்கோ கடிதமோ தேதியோடு இருந்தால் காலத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. அடுத்தது எழுத்தின் வடிவம், அதை வைத்து ஐம்பது நூறு ஆண்டு வரம்புக்குள் காலம் சொல்லலாம். பிறகு ஓரம். வலது ஓரம் வரிக்கு வரி ஏறி இறங்கினால் செய்யுள், சீராக இருந்தால் உரைநடை.

அதற்குப் பிறகு எழுத்துகள். ஐயமில்லாத எழுத்துகளை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த இரண்டு வரிகளிலிருந்து நாலைந்து எழுத்துத் தொடர்களை, கிரேக்க இலக்கியம் முழுவதையும் ஏற்றிய தரவுத்தளத்தில் சேர்த்துத் தேட வேண்டும். ஒரு வரியை மட்டும் தேடினால் நூறு இடம் பொருந்தும், இரண்டு வரியும் சரியான இடைவெளியில் பொருந்துவது அபூர்வம். பொருந்தினால், ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று கணக்கிட்டு மற்ற வரிகளையும் அதே நீளத்தில் நிரப்பிப் பாருங்கள். மூன்றாவது வரி இடிக்கிறது என்றால் அடையாளம் தப்பு. பெரும்பாலும் இலியட்தான் வரும், அதற்கு மட்டும் 1500-க்கு மேல் பாப்பிரஸ்கள் உண்டு.

எங்கும் பொருந்தாவிட்டால் அங்கேதான் வேலை ஆரம்பம். சந்தம், வட்டார வழக்கு, ஏதாவது ஒரு ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ, பழைய அகராதிகள் மேற்கோள் காட்டிய ஒற்றைச் சொல். அகராதிக்காரர் "சோபோக்ளீஸ், இன்ன நாடகம்" என்று சொல்லி விட்டுச்சென்ற அந்த ஒரு சொல் துண்டில் இருந்தால் நாடகத்தின் பெயரே கிடைத்துவிடும். கிடைக்காத துண்டுகள் "ஆசிரியர் தெரியாதது" என்ற தலைப்பில் அச்சாகும், பக்கத்துத் துண்டு வேறொரு பெட்டியிலிருந்து வெளிவரும் வரை.